ரயில் வராத ஊரில் ஒரு ரயில் பாதை

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். நேரம் போதாததால் மேடையில் சொல்லாத சில கணக்குகளையும், செயலாளர் கேட்டுக்கொண்டபடி இங்கே சேர்த்திருக்கிறேன்.)



எடுத்த எடுப்பிலேயே விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். தரைத்தளத்தில் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் ஸ்டோர் ரூமை என்ன செய்வது என்று அடுத்த பொதுக்குழுவில் முடிவெடுக்கப் போகிறோம். வாடகைக்கு விடலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. ஒரு வருஷத்துக்கு அதில் ரயில் விடலாம் என்பது என் யோசனை. சிரிக்கிறீர்கள், நல்லது. சிரித்து முடித்த பிறகு, வாக்களிப்பதற்கு முன்னால், நான் சொல்லும் கணக்கையும் கேளுங்கள். முப்பத்தைந்து வருஷம் பேங்க்கில் கணக்கு எழுதியவன். கணக்கு இல்லாமல் உங்கள் முன்னால் வந்து நிற்க மாட்டேன்.

பொம்மை ரயிலும் மாதிரி ரயிலும்

திருவிழாக் கடையில் வாங்கும் சாவி கொடுத்த ரயில் பொம்மை. நான் சொல்வது மாதிரி ரயில். இரண்டுக்கும் வித்தியாசம் விலையில் இல்லை, அளவில் இருக்கிறது. மாதிரி ரயிலில் எல்லாமே ஒரே விகிதத்தில் சுருங்க வேண்டும். உலகத்தில் அதிகம் பேர் கையாளும் விகிதம் 1:87. அதாவது நிஜத்தில் 87 அடி இருந்தால் நம் மேசையில் 1 அடி.

இந்த விகிதத்தில் ஐந்தரை அடி மனிதர் 2 செ.மீ.க்கும் சற்றுக் குறைவாக இருப்பார். பழைய மீட்டர் கேஜ் பெட்டி ஒன்று சுமார் 22 செ.மீ. வரும். பத்துப் பெட்டியும் ஒரு இன்ஜினும் கோத்தால் ஏறக்குறைய 8 அடி. 40 மீட்டர் உயரக் கோபுரம் 46 செ.மீ. ஆகிவிடும். இதுவரை சௌகரியம்தான். ஆனால் 1 கிலோமீட்டர் என்பது மேசையில் 11½ மீட்டர். நம் வீராணம் ஏரியின் நீளம் 14 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், அதை அப்படியே செய்ய 160 மீட்டர் இடம் வேண்டும். நம் காம்பவுண்டு போதாது, தெருவும் போதாது.

ஆகவே மாதிரி ரயில் கட்டுகிறவர்கள் எல்லோரும் ஒரு வேலை செய்கிறார்கள். பெட்டி, இன்ஜின், மனிதர், கதவு, ஜன்னல் இவற்றின் அளவில் ஒரு மில்லிமீட்டர்கூட விட்டுக்கொடுப்பதில்லை. தூரத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கிறார்கள். இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே வெறும் வயலாக இருக்கும் எட்டுக் கிலோமீட்டரை ஒரு வளைவில் முடித்துவிடுவார்கள். அந்த எட்டுக் கிலோமீட்டரில் மறக்க முடியாத பாலமோ, மதகோ, லெவல் கிராசிங்கோ இருந்தால் அதை விடமாட்டார்கள். எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவு செய்வதில்தான் ரயில் பாதை நிஜமாகத் தோன்றுவதும் தோன்றாததும் இருக்கிறது.

எந்தப் பாதையைக் கட்டுவது?

நம் காட்டுமன்னார்கோயிலுக்கு ரயில் கிடையாது. நாம் எல்லோரும் பஸ் பிடித்து, ஏறக்குறைய 25 கி.மீ. தள்ளியிருக்கும் சிதம்பரத்துக்குப் போய்த்தான் ரயில் ஏறியிருக்கிறோம். மெட்ராஸுக்கு வேலை தேடிப் போனதும், கல்யாணமாகிப் போனதும், ஆஸ்பத்திரிக்குப் போனதும் அந்த ஸ்டேஷன் வழியாகத்தான். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அது மீட்டர் கேஜ் ஸ்டேஷன். தண்டவாளத்தின் அகலம் சரியாக 1 மீட்டர். இன்றைய அகலப்பாதை 1,676 மி.மீ. விழுப்புரத்திலிருந்து கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை வழியாகத் தஞ்சாவூர் போகும் இந்தப் பாதைக்குத்தான் மெயின் லைன் என்று பெயர். விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குக் குறுக்கே போவது கார்டு லைன். சோழன் எக்ஸ்பிரஸும் கம்பன் எக்ஸ்பிரஸும் நம் மெயின் லைனில்தான் ஓடின.

பாதையை மாற்றுவதற்காகச் சில வருஷங்கள் ரயிலே இல்லாமல் இருந்ததும், 2010-ல் அகலப்பாதையாகத் திறந்ததும் உங்களுக்குத் தெரியும். அதனால் நமக்கு நல்லதுதான் நடந்தது, புகார் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பாதை மாறியபோது அதோடு பிளாட்பாரத்தின் உயரம், சிக்னல் கம்பங்கள், யார்டில் இருந்த கிளைத் தண்டவாளங்கள் எல்லாம் மாறிவிட்டன. முன்பு எது எங்கே இருந்தது என்பது இப்போது சிலருடைய ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது.

அந்தச் சிலரில் மூன்று பேர் நம் கட்டடத்திலேயே குடியிருக்கிறார்கள். மூன்று பேரும் ரயில்வே பென்ஷன்தாரர்கள். மூத்தவருக்கு 82 வயது. போன மாதம் மொட்டைமாடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். நீராவி இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்கும் குழாய் சிதம்பரம் ஸ்டேஷனில் எந்தப் பக்கம் இருந்தது என்று பேச்சு வந்தது. ஒருவர் வடக்குக் கோடி என்றார், இன்னொருவர் தெற்குக் கோடி என்றார். இரண்டு பேருமே அங்கே வேலை பார்த்தவர்கள், இரண்டு பேரும் சத்தியம் செய்கிறார்கள். இன்றைக்கு நிலைமை இதுதான். பத்து வருஷம் கழித்து இந்தச் சண்டையைப் போடவும் ஆள் இருக்காது.

ஆகவே நாம் கட்ட வேண்டியது சிதம்பரத்திலிருந்து கடலூர் துறைமுகம் சந்திப்பு வரை, மீட்டர் கேஜ் காலத்துப் பாதை. கிள்ளை, பரங்கிப்பேட்டை, புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் நடுவே வருகின்றன. கிள்ளைக்கும் பரங்கிப்பேட்டைக்கும் இடையே வெள்ளாற்றுப் பாலம் இருக்கிறது. கடலூர் துறைமுகத்தில் நெய்வேலி வழியாக விருத்தாசலம் போகும் கிளைப்பாதை பிரிகிறது. மாதிரிக்கு இதைவிட லட்சணமான பாதை கிடைக்காது. ஆறு, உப்பங்காற்று, வயல், சந்திப்பு எல்லாம் 40 கிலோமீட்டருக்குள் இருக்கின்றன.

உலகத்தில் யார் செய்திருக்கிறார்கள்?

இங்கிலாந்தில் லாங் விட்டன்ஹாம் என்ற கிராமத்தில் பெண்டன் மியூசியம் என்று ஒன்று இருக்கிறது. அதை ஆரம்பித்தவர் ராய் இங்கிலாந்து. பெயர்தான் இங்கிலாந்து, ஆள் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். 1925-ல் இங்கிலாந்து வந்தார். தான் குடியேறிய பக்கத்துக் கிராமங்களில் பழைய கூரை வீடுகள் ஒவ்வொன்றாக மறைவதைப் பார்த்து, அவற்றை அளந்து மாதிரி செய்ய ஆரம்பித்தார். 1954-ல் அது மியூசியமாயிற்று. பல பேர் சேர்ந்து பல பத்து வருஷமாக ஒரு பள்ளத்தாக்கையே, அதன் ரயிலோடு சேர்த்து, அறைக்குள் கட்டி வருகிறார்கள். நிஜத்தில் போய்விட்ட வீடுகள் அங்கே இருக்கின்றன. நான் உங்களிடம் கேட்பது இந்த மாதிரி வேலையைத்தான்.

லண்டனில் மாடல் ரயில்வே கிளப் என்று ஒரு சங்கம் 1910-ல் ஆரம்பித்தது. அவர்கள் 1983-ல் கோபன்ஹேகன் ஃபீல்ட்ஸ் என்ற லண்டன் பகுதியைக் கட்டத் தொடங்கினார்கள். பல பத்து வருஷம் ஓடியும் வேலை ஓயவில்லை. ஆட்கள் வருவார்கள், போவார்கள், சங்கம் நிற்கும். நம் குடியிருப்போர் சங்கமும் அப்படித்தானே நடக்கிறது?

அமெரிக்காவில் எம்.ஐ.டி. கல்லூரியின் மாணவர் ரயில் கிளப் 1946-ல் பிறந்தது. அங்கே மேசைக்கு மேலே மலையும் வீடும் செய்கிற கூட்டம் ஒன்று. மேசைக்குக் கீழே படுத்துக்கொண்டு, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பயன்படும் ரிலேக்களை வைத்து வயரிங் செய்த கூட்டம் இன்னொன்று. கீழே படுத்திருந்தவர்கள்தான் அப்புறம் கம்ப்யூட்டர் பக்கம் போனார்கள். கம்ப்யூட்டர் உலகத்தில் ‘ஹேக்கர்’ என்ற சொல் புழங்க ஆரம்பித்ததே அந்தக் கிளப்பில்தான் என்று சொல்வார்கள். நம் குடியிருப்பில் இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டிலும் உண்டு. புனேயில் கோத்ரூட் பகுதியில் ஜோஷி மினியேச்சர் ரயில்வே மியூசியம் இருக்கிறது. பி. எஸ். ஜோஷி என்பவர் சொந்த ஆர்வத்தில் ஆரம்பித்து வளர்த்தது, 1998-ல் மக்கள் பார்வைக்குத் திறந்தது. அதுவும் 1:87 விகிதம்தான். விளக்கை அணைத்து, ஒலி ஒளியோடு ஒரு நகரத்தையே ஓட்டிக் காட்டுகிறார்கள். புனேயில் பிள்ளைகள் வேலை பார்க்கும் குடும்பங்கள் அடுத்த முறை போகும்போது பார்த்துவிட்டு வாருங்கள்.

எல்லாவற்றிலும் பெரியது ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் இருக்கிறது. ஃப்ரெடரிக் பிரவுன், கெரிட் பிரவுன் என்ற இரட்டைச் சகோதரர்கள் 2001 ஆகஸ்டில் திறந்தார்கள். 1,000-க்கும் மேல் ரயில்கள், தண்டவாளம் மட்டும் 16 கிலோமீட்டருக்கு மேல். அவர்கள் பேங்க் கடன் வாங்கித்தான் ஆரம்பித்தார்கள். நான் கடன் கேட்கவில்லை, ஒரு அறைதான் கேட்கிறேன்.

நம் அறைக்குள் எவ்வளவு அடங்கும்?

ஸ்டோர் ரூம் 24 அடிக்கு 14 அடி. சுவரோரமாக 2 அடி அகலத்தில் பலகை போடலாம். அதற்கு மேல் அகலம் கூடாது. கை எட்டாத இடத்தில் ரயில் கவிழ்ந்தால் எடுக்க முடியாது. நடுவே ஆட்கள் நிற்கத் தாராளமாக இடம் கிடைக்கும். 4 அடி நீளப் பலகை 13, மூலைக்கு 3 அடி சதுரமாக 4, ஆக மொத்தம் 17 பலகை. வாசல் குறுக்கிடும் இடத்தில் மட்டும் கீல் வைத்துத் தூக்கும் பலகை.

ஒரு சுற்று ஏறக்குறைய 65 அடி, அதாவது 20 மீட்டர். நிஜக் கணக்கில் ஒன்றே முக்கால் கிலோமீட்டர். மணிக்கு 60 கி.மீ. வேகம் என்று வைத்தால், நம் சோழன் ஒரு சுற்று வர ஒன்றே முக்கால் நிமிஷம் ஆகும். 40 கிலோமீட்டருக்கு ஒன்றே முக்கால்தானா என்று கேட்பீர்கள். அதற்காகத்தான் முன்பே சொன்னேன், நடுவில் வரும் தூரத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று. சிதம்பரம் ஸ்டேஷன், வெள்ளாற்றுப் பாலம், பரங்கிப்பேட்டை, கடலூர் துறைமுகம் இந்த நான்கும் ஒழுங்காக வந்துவிட்டால், பார்க்கிறவர் மனசு மீதியை நிரப்பிக்கொள்ளும்.

தண்டவாளத்துக்கும் வழி இருக்கிறது. 1 மீட்டரை 87-ஆல் வகுத்தால் 11½ மி.மீ. வரும். சுவிட்சர்லாந்திலும் மீட்டர் கேஜ் உண்டு என்பதால், அதன் மாதிரிக்காக 12 மி.மீ. தண்டவாளம் விற்பனைக்கு இருக்கிறது. அரை மில்லிமீட்டர் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. பெட்டிகள் கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் என்று நம்பி இறங்க முடியாது. அட்டை, பிளாஸ்டிக் ஷீட், முப்பரிமாண அச்சு இவற்றால் நாமே செய்ய வேண்டும். ஒய்.பி. நீராவி இன்ஜினையும் ஒய்.டி.எம்.-4 டீசலையும் அப்படித்தான் கொண்டுவர முடியும்.

ஏன் சங்கமாகச் செய்ய வேண்டும்?

ஒரே ஆள் ஒரு ஸ்டேஷன் செய்யலாம், இவ்வளவையும் செய்ய முடியாது. அதற்கு வெளிநாட்டுக் கிளப்புகள் கண்டுபிடித்த வழி பலகை முறை. விருப்பப்பட்டவர் ஒரு பலகையை எடுத்துக்கொண்டு தன் வீட்டிலேயே செய்யலாம். பலகையின் நடுவில் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், தோப்பு, வயல், சுடுகாடு, டீக்கடை எதுவானாலும் சரி. ஆனால் இரண்டு ஓரத்திலும் தண்டவாளம் எத்தனை அங்குலத்தில் வர வேண்டும், தரையிலிருந்து எத்தனை உயரம், எந்த நிற வயர் எதற்கு என்பதில் மட்டும் சங்கம் சொன்ன அளவுதான். உள்ளே அவரவர் இஷ்டம், ஓரத்தில் எல்லோருக்கும் ஒரே சட்டம். அடுக்குமாடியில் நாம் வாழ்வதும் அப்படித்தானே. ஒரு மாலை நேரத்தில் பிரித்து அடுக்கிவிடலாம் என்பது இதில் இன்னொரு சௌகரியம். ஒரு வருஷம் கழித்து அறை வேண்டும் என்று பொதுக்குழு சொன்னால், ஆணி அடித்த அடையாளம்கூட இல்லாமல் திருப்பித் தரலாம்.

மின்சாரத்தைப் பற்றிப் பயப்படாதீர்கள். தண்டவாளத்தில் போவது குறைந்த வோல்டேஜ்தான். இப்போது உள்ள டிஜிட்டல் முறையில் ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளும் ஒரு சிறு சில்லு இருக்கும், அதற்கு ஒரு நம்பர். உத்தரவு எல்லாத் தண்டவாளத்திலும் ஓடும், ஆனால் அந்த நம்பர் உள்ள இன்ஜின் மட்டும்தான் நகரும். கவுண்டரில் டோக்கன் நம்பர் கூப்பிட்டால் ஒருவர் மட்டும் எழுந்து வருவது மாதிரி.

டோக்கன் என்றதும் இன்னொன்று. ஒற்றைப் பாதையில் இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். அதற்கு அத்தாட்சியாக டிரைவர் கையில் ஒரு டோக்கன் இருக்க வேண்டும். இரண்டு ஸ்டேஷன் மாஸ்டரும் சம்மதித்தால்தான் மெஷினிலிருந்து அது வெளியே வரும். பேங்க்கில் பெட்டகத்துக்கு இரண்டு பேரிடம் இரண்டு சாவி இருப்பதும் இதே தத்துவம்தான். நம் மாதிரியிலும் அப்படியே ஓட்ட வேண்டும். கால அட்டவணை போட்டு, ஸ்டேஷனுக்கு ஒருவர் நின்று, டோக்கன் மாற்றி வண்டியை விட்டால்தான் அது ரயில் பாதை. சும்மா சுற்றவிட்டால் பத்து நிமிஷத்தில் சலித்துவிடும்.

வீட்டுக்கு வீடு வேலை இருக்கிறது. தேங்காய் நாரைச் சாயம் போட்டுக் கத்தரித்தால் நாற்றங்கால். காய்ச்சிக் காயவைத்த டீத்தூள் வண்டல் மண். சலித்த செம்மண் லெவல் கிராசிங் பாதை. கம்பியை முறுக்கிக் காகிதம் ஒட்டினால் பனைமரம். தையல் தெரிந்தவர்களின் விரல் நிதானம் சிக்னல் கை செய்யத் தேவை. கடைசியில் எல்லாவற்றிலும் கொஞ்சம் அழுக்கும் துருவும் பூச வேண்டும். பளபளவென்று இருந்தால் பொம்மையாகத்தான் தெரியும்.

பணமும் பத்திரமும்

எந்தச் சங்கமும் ரயிலால் உடையாது, கணக்கால்தான் உடையும். ஆகவே முதல் நாளே எழுதி வைப்போம். சேர்க்கைக்கு 500 ரூபாய், மாதம் 100 ரூபாய். குடியிருப்போர் சங்கக் கணக்கிலிருந்து ஒரு பைசா வேண்டாம், தனி வரவு செலவுப் புத்தகம். தண்டவாளம், கன்ட்ரோலர் போன்றவை சங்கச் சொத்து, அவற்றுக்கு ஒரு பதிவேடு. பலகையும் அதன் மேல் இருப்பதும் செய்தவருடைய சொத்து, வீடு மாறும்போது எடுத்துப் போகலாம். சாவி இரண்டு பேரிடம். குழந்தைகள் பெரியவர் ஒருவர் உடன் இருந்தால் ஓட்டலாம், ‘தொடாதே’ என்று விரட்டக் கூடாது. அவர்களுக்காக ஒரு முக்காலி போட்டு வைப்போம்.

கஷ்டங்களையும் மறைக்கவில்லை. மழைக்காலத்தில் பிளைவுட் ஊதும், அதனால் வெட்டிய ஓரங்களில் எல்லாம் பெயின்ட் அடிக்க வேண்டும். எலி வயரைக் கடிக்கும். கரையான் வரும். தண்டவாளத்தை வாராவாரம் துடைக்காவிட்டால் வண்டி நின்று நின்று போகும். ஒரு வருஷத்தில் முடியுமா என்றால் முடியாது. ஒரு வருஷத்தில் சிதம்பரம் ஸ்டேஷனும் ஒரு சுற்றுப் பாதையும் வரும். அதைப் பார்த்துவிட்டு நீங்கள் தொடரச் சொல்லலாம், நிறுத்தச் சொல்லலாம்.

இரண்டு வேண்டுகோள்

முதலாவதற்கு அறையும் வேண்டாம், பணமும் வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு மொட்டைமாடியில் நம் மூன்று ரயில்வே ஐயாக்களும் உட்கார ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பெரிய சார்ட் பேப்பரில் சிதம்பரம் ஸ்டேஷனின் வரைபடத்தை அவர்கள் சொல்லச் சொல்ல வரையப்போகிறோம். படம் வரையத் தெரிந்த பிள்ளைகள் வாருங்கள். செல்போனில் பதிவு செய்ய ஒருவர் வேண்டும். உங்கள் வீட்டு ஆல்பத்தில் பின்னணியில் ஸ்டேஷன் தெரிகிற கல்யாணப் போட்டோ, வழியனுப்பும் போட்டோ எது இருந்தாலும் கொண்டுவாருங்கள். ஓரத்தில் தெரியும் ஒரு கம்பம்கூட நமக்கு அளவு சொல்லும். உடன் நிற்கும் ஆளின் உயரம் தெரிந்தால் கம்பத்தின் உயரத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் என்ற வழக்கும் அப்படி ஒரு போட்டோவில் தீர்ந்துவிடலாம்.

இரண்டாவது, பொதுக்குழுவில் அந்த அறைக்கு ஒரு வருஷம் அவகாசம். வாடகை வருமானம் ஒரு வருஷம் தள்ளிப்போகும், அதை நான் மறுக்கவில்லை. அடுத்த வருஷமும் அறை இங்கேயேதான் இருக்கும், அப்போதும் வாடகைக்கு விடலாம். 82 வயது ஞாபகத்துக்கு மட்டும் அப்படித் தவணை போட முடியாது. இந்த இரண்டையும் எடைபோட்டு வாக்களியுங்கள். பொதுக்குழு வேண்டாம் என்று சொன்னாலும், ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடிக்கு மட்டும் வந்துவிடுங்கள்.

சேர விரும்புகிறவர்கள் வாட்ஸ்அப் குழுவில் உங்கள் வீட்டு எண்ணையும், எந்தப் பலகை வேண்டும் என்பதையும் போடுங்கள். வெள்ளாற்றுப் பாலத்தை இரண்டு வீட்டார் ஏற்கெனவே கேட்டிருக்கிறார்கள். இரண்டு வீட்டாரும் சேர்ந்து செய்யட்டும், பாலத்துக்கு இரண்டு கரை இருக்கிறது.